அப்டேட் வந்தாலே பிரிண்டர் படுத்துக்கொள்கிறது, நிரந்தரமாக நிறுத்திவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறீர்கள். மூன்று கணினிகளுக்கும் சேர்த்து ஒரே லேசர் பிரிண்டர். அது முதல் கணினியில் யுஎஸ்பி ஒயரில் மாட்டியிருக்கிறது, மற்ற இரண்டும் அதன் வழியாகவே பிரிண்ட் எடுக்கின்றன. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை விண்டோஸ் அப்டேட் ஆனதும் அந்த இரண்டிலிருந்தும் பிரிண்ட் வருவதில்லை. திரையில் 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது. சர்வீஸ் தம்பி ஒருவர் வந்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "அப்டேட்டையே நிறுத்திவிட்டேன், இனி வராது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறுபடி வந்துவிடுகிறது. இப்போது ஒரு காணொளியில் காட்டிய சின்ன நிரலை இறக்கி ஓட்டினால் அப்டேட் நிரந்தரமாக நின்றுவிடும் என்கிறார்கள், ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி அப்டேட்டை நிறுத்துவது பற்றி இருந்தாலும் ஆத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. டோக்கன் நேரம் போய்விடுமே என்று ஆட்கள் பத்திரத்தோடு கடை வாசலில் தவிக்கும்போது, நேற்று சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய கணினி இன்று ஏன் முரண்டு பிடிக்கிறது, யாரைக் கேட்டு அதை மாற்றினார்கள் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து கடைகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் கணினி பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நிரலை ஓட்டாதீர்கள். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தவும் வேண்டாம். அது எந்த நாளில் நடக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். பிரிண்டர் தொல்லைக்கு அப்டேட்டைத் தொடாமலேயே வழி இருக்கிறது.

அந்தத் தம்பி உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் என்ற சேவையை முடக்கிவிட்டுப் போயிருப்பார். பழைய விண்டோஸ் 7இல் அது போதும், முடக்கினால் முடங்கியே கிடக்கும். விண்டோஸ் 10இல் 2018 வாக்கில் அப்டேட் மெடிக் என்று இன்னொரு சேவை சேர்ந்தது. அதன் வேலையே, முடங்கிய அப்டேட் சேவையைக் கண்டுபிடித்து மறுபடி எழுப்பிவிடுவதுதான். ஆகவே தம்பி பூட்டிய பூட்டை வீட்டுக்காரனே பின்வாசல் வழியாக வந்து திறந்துவிடுகிறான். சிலர் கோளாறு கொடுத்த அப்டேட்டை மட்டும் நீக்கிவிடுவார்கள். அதுவும் நிலைக்காது. விண்டோஸ் 10 வந்த 2015 முதலே மாதாந்திர அப்டேட் என்பது தொகுப்பாகத்தான் வருகிறது, இந்த மாதத்து மூட்டைக்குள் போன மாதத்ததும் அதற்கு முந்தையதும் இருக்கும். ஆடியில் நீக்கியது ஆவணியில் வேறு எண்ணோடு திரும்பி வரும். அந்த 500 ரூபாய் தவணை முறையில் போய்க்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி பிரிண்டர். உங்கள் பிழை எண்ணுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2021 ஜூலையில் பிரிண்ட் நைட்மேர் என்று பெயர் வைத்த ஒரு பாதுகாப்பு ஓட்டை உலகத்தையே கலக்கியது. பிரிண்ட் வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஸ்பூலர் என்ற பகுதி, விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் கணினி முழுவதும் நுழைந்தவன் கையில். மைக்ரோசாஃப்ட் மாதாந்திரத் தேதிக்குக் காத்திருக்காமல் ஜூலை 6ஆம் தேதியே அவசரமாக ஒட்டுப் போட்டது. ஆகஸ்டில், பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் (பிரிண்டரை இயக்கும் நிரல்) போட நிர்வாகி அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 2021 ஜனவரியில், ஸ்பூலரில் வேறொரு ஓட்டைக்கு ஒரு ஒட்டு வந்திருந்தது. கணினிகள் பிரிண்ட் விஷயமாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இன்னும் கறாரான முறையில்தான் பேச வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கறாரை அவர்கள் கட்டாயமாக்கியது 2021 செப்டம்பர் 14 அன்று. அன்றைக்குத்தான் 11பி பிழை ஊரெல்லாம் பரவியது. ஒரு கணினி புதிய முறையில் பேசுகிறது, இன்னொன்று பழைய முறையிலேயே நிற்கிறது, கதவு திறப்பதில்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிமேல் சொல்வது என் சந்தேகம். தம்பி ஒவ்வொரு முறையும் ஒரு கணினியில் நிறுத்தி, இன்னொன்றில் நீக்கி, மூன்றாவதை விட்டுவிட்டுப் போனதால், உங்கள் மூன்று கணினிகளும் மூன்று வெவ்வேறு மாதங்களில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். அப்டேட்டால் வந்த கோளாறு பாதி, அப்டேட்டை நிறுத்தியதால் வந்தது மீதி. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும் ஸ்டார்ட் தேடலில் வின்வர் (winver) என்று தட்டிப் பாருங்கள், பதிப்பும் பில்டு எண்ணும் ஒரு சின்னப் பெட்டியில் வரும். மூன்றிலும் ஒரே விண்டோஸ் இருந்தும் அந்த எண்கள் வேறுபட்டால் என் சந்தேகம் சரி. முதல் வேலையாக மூன்றையும் ஒரே அப்டேட்டுக்குக் கொண்டுவாருங்கள், பல கடைகளில் பிழை அதோடு ஒழிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிழைக்குக் காணொளிகளில் சொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கு, ஸ்பூலரை நிறுத்தி மறுபடி ஓட்டு. உடனே பிரிண்ட் வரும், பொய்யில்லை. அந்தப் பூஜ்ஜியம் செய்வது என்னவென்றால், 2021இல் போட்ட பூட்டைக் கழற்றிவிடுகிறது. அதைச் செய்து காட்டுகிறவர்களில் அதைச் சொல்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொரு மருந்து இதைவிட மோசமானது. பகிர்வு வேலை செய்யாவிட்டால் எஸ்எம்பி 1.0 என்ற பழைய பகிர்வு வசதியை இயக்கு என்பார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயக் கிருமி பிரிட்டன் மருத்துவமனைகள் முதல் ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் வரை முடக்கியதே, அது கணினிக்குக் கணினி தாவியது அந்த எஸ்எம்பி 1 வழியாகத்தான். அதற்கான ஒட்டு 2017 மார்ச் 14ஆம் தேதியே வெளிவந்திருந்தது. கிருமி கிளம்பியது மே 12. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் அப்டேட் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். உங்கள் கடைக்குத் தினமும் பத்துப் பதினைந்து பென்டிரைவ்கள் வந்து போகும். ஆதார் நகல், பான் நகல், பத்திர வரைவு என்று ஊர்ப்பட்ட சொத்து விவரம் உங்கள் டிஸ்கில் கிடக்கும். அந்தக் கதவைத் திறந்துவைக்க வேண்டிய கடைசி ஆள் நீங்கள்.

இப்போது நான் சொல்லும் வழிக்கு வருகிறேன். பிரிண்டரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். யுஎஸ்பி ஒயர் செருகியிருக்கும் சதுரத் துளைக்குப் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிய துளை ஒன்று இருக்கலாம். டோனர் தூளும் ஒட்டடையும் அடைத்துக் கிடக்கும், சிலவற்றில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட யாரும் உரித்திருக்க மாட்டார்கள். பழைய தொலைபேசிப் பிளக் போன்ற, அதைவிட அகலமான பிளக் போகிற துளை. அதுதான் நெட்வொர்க் துளை. நான் போகும் கடைகளில் இது இருந்தும் பயன்படுத்தாதவர்களே அதிகம், ஏனென்றால் முதல்நாள் வந்தவர் பெட்டியில் இருந்த யுஎஸ்பி ஒயரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அங்கிருந்து பிராட்பேண்ட் ரூட்டருக்கு ஒரு கேபிள் போடுங்கள். பிரிண்டருக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுங்கள், உதாரணமாக 192.168.1.50. ரூட்டரிலும் அந்த முகவரியை அதற்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு மின்தடைக்குப் பிறகு முகவரி குழம்பி, நீங்கள் மறுபடி தம்பிக்குப் போன் செய்வீர்கள். பிறகு மூன்று கணினிகளிலும் அந்த முகவரிக்கு நேரடியாக டிரைவர் போட வேண்டும். அவ்வளவுதான். இதில் எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் பிரிண்டருக்காகப் பேசுவதில்லை. ஆகவே பகிர்வு முறையை மைக்ரோசாஃப்ட் எத்தனை முறை மாற்றினாலும் உங்களுக்குக் கவலை இல்லை. முதல் கணினியை அணைத்துவிட்டாலும் மற்ற இரண்டும் அச்சடிக்கும். செலவு கேபிளுக்கு மட்டும்.

அந்தத் துளை இல்லையென்றால் பகிர்ந்துதான் ஆக வேண்டும். அப்போது ஒழுங்காகப் பகிருங்கள். முதல் கணினியில் கடவுச்சொல்லோடு தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, மற்ற இரண்டிலும் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை பதிந்துவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கடவுச்சொல் என்றாலே முகம் சுளிப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துபோட்ட பகிர்வுதான் எங்கும். விண்டோஸ் 11 புரோவின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட விருந்தாளி நுழைவை விண்டோஸே மறுத்துவிடுகிறது. அதையும் மீறித் திறக்கக் காணொளி உண்டு. பார்க்காதீர்கள்.

அப்டேட் மேல் விழும் பழியில் எவ்வளவு நியாயம் என்பதையும் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் இருக்கிறது. உசிலம்பட்டியில் ஒரு மருந்துக்கடையிலிருந்து அழைப்பு. அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், பிறகு கணினி எழவே இல்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் யுபிஎஸ்ஸின் பேட்டரி வயிறு உப்பி, டப்பாவின் தகடே வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன், ஒரு பீப் ஒலி கேட்டது, அது அடங்குவதற்குள் அணைந்துவிட்டது. பேட்டரி மாற்றி எத்தனை வருடம் என்று கேட்டதற்கு, "அதில் பேட்டரி இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். டிஸ்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினால், காதை வைக்காமலேயே டக் டக் என்று தட்டும் சத்தம். எப்போதோ சாகத் தொடங்கிய டிஸ்க் அது. சாதாரண நாளில் பில் போடும் நிரல் நாலு கோப்பைத் தொடும், டிஸ்க் ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். அப்டேட் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதும், அப்போது கெட்ட இடங்களில் எல்லாம் கால் வைக்க வேண்டி வரும். கடைக்காரரைப் பொறுத்தவரை அப்டேட்தான் கொன்றது. நான் எப்படிச் சொல்லியும் அவர் நம்பவில்லை. உங்கள் கணினிகளில் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் அதன் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அப்டேட் பற்றிய பேச்சை விட்டுவிட்டு முதலில் எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்க் வாங்குங்கள்.

ரீஸ்டார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துக்கொண்டு தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் ஷட் டவுன் செய்து வீட்டுக்குப் போகிறவரின் கணினி மாதக்கணக்கில் உண்மையாக மறுதொடக்கம் ஆகாமலே இருக்கலாம். எப்போதோ போட்ட டிரைவரின் கோளாறு அப்டேட்டுக்கான ரீஸ்டார்ட்டின்போதுதான் வெளியே தெரியும். பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக மைக்ரோசாஃப்ட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புறையை உள்ளே இருந்த கோப்புகளோடு சேர்த்து அழித்தது. யாருக்கு என்றால், டாக்குமென்ட்ஸை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்தவர்களுக்கு. நம் ஊரில் ஃபார்மேட் செய்கிறவர்கள் எல்லாரும் செய்யும் வேலை அது: "எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன் சார்." சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள் முன்பே இதை எழுதியிருந்தார்கள், அந்தக் குறை கூட்டத்தில் கவனிக்கப்படாமல் போய்விட்டது. சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13இல் திருத்தி மறுபடி விட்டார்கள். 2025 அக்டோபர் 14இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் இன்னொரு கூத்து. கணினி எழாதபோது சரிசெய்வதற்கென்று இருக்கும் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை. திரை வருகிறது, பட்டன்கள் தெரிகின்றன, எதையும் அழுத்த முடியாது. 20ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது.

கம்பெனியே சொன்ன மருந்தும் சந்தேகத்துக்கு உரியதாக இருக்கலாம் என்பதற்கு 2024 ஜனவரியை எப்போதும் உதாரணம் சொல்வேன். அந்த மாதத்து அப்டேட்களில் ஒன்று, மீட்புப் பகுதிக்காக டிஸ்கில் ஒதுக்கிய இடத்தில் 250 எம்பி காலியாக இல்லையென்றால் ஏறாது. 643 என்று முடியும் ஒரு பொத்தாம்பொதுவான பிழை எண்ணை மட்டும் காட்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு, கருப்புத் திரையில் கட்டளைகள் தட்டி, விண்டோஸ் இருக்கும் பகுதியைச் சுருக்கி, மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்குங்கள் என்பது. ஒரு கணக்குப்பிள்ளையிடம், ஒரு பள்ளி மாணவியிடம், இதைச் செய் என்று சொல்வதா? மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டளைகளை வரிவரியாகச் சரியாகத்தான் தட்டியிருக்கிறார், டிஸ்க் பகுதியின் எண்ணில் மட்டும் 4க்குப் பதில் 3. போனது டி டிரைவ், அதில் அப்பாவின் நெல் வியாபாரக் கணக்கு. அதன் பிறகு எதையும் எழுதாமல் அப்படியே அணைத்து எடுத்து வந்ததால் பகுதியை மீட்டுக் கொடுக்க முடிந்தது. இத்தனைக்கும் அந்த அப்டேட் ஏறாவிட்டால் அன்றாட வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மீட்புப் பகுதியே இல்லாத கணினிகளில் அந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே பிறகு சொன்னது. சும்மா இருப்பதும் சில மாதங்களில் வைத்தியம்தான், ஆனால் அதைக் காணொளியாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

நல்ல மருந்து எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19இல் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் பலர் அதை விண்டோஸ் அப்டேட் என்றே சொல்கிறார்கள். அது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்பு, விண்டோஸ் அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குச் சொன்ன தீர்வு ஒற்றை வரி: சேஃப் மோட் என்ற பாதுகாப்பு நிலையில் கணினியை எழுப்பு, இன்ன கோப்புறையில் இன்ன எண்ணில் தொடங்கும் கோப்பை அழி. எது கெட்டது, ஏன் கெட்டது, எதை நீக்குகிறோம் என்று மூன்றும் அதில் இருந்தன. உங்களுக்கு யாராவது ஒரு மருந்து சொன்னால் இதே மூன்றையும் கேளுங்கள். "பதினைந்து கட்டளை இருக்கிறது, எல்லாவற்றையும் ஓட்டு, ஏதாவது ஒன்று வேலை செய்யும்" என்கிறவருக்குக் கோளாறு என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்த அளவுகோலில் சிலவற்றை நான் தயங்காமல் செய்வேன். பிரிண்ட் வரிசை சிக்கிக்கொண்டால் ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையில் தேங்கியதை அழித்து, மறுபடி ஓட்டுவது. அப்டேட் பாதியில் நின்றால், அது இறக்கிவைத்திருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறைக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டுப் புதிதாக இறக்கவிடுவது. எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் என்ற இரண்டு கட்டளைகளைப் பற்றி எங்கும் பேசுவார்கள். அவை கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை மட்டும் சரிபார்த்து மாற்றும். பத்தில் எட்டுத் தடவை அவற்றால் பயன் இருந்ததில்லை, கெடுதலும் இருந்ததில்லை. ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்கிறேன், டிரைவர் எல்லாம் புதுப்பிக்கிறேன் என்று வரும் நிரல்கள் வேறு ரகம். ரெஜிஸ்ட்ரி துப்புரவு நிரல்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் காணொளி நிரலும் இந்த ரகம்தான். அது நிர்வாகி அனுமதி கேட்கும், வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும், என்னென்ன மாற்றியது என்று எங்கும் எழுதிவைக்காது. அப்டேட்டை நிறுத்துவதற்கு வைரஸ் தடுப்பை ஏன் அணைக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

எல்லாப் பழியும் உண்மையில்லை என்பதற்கு 2025 ஆகஸ்ட் அப்டேட்டைச் சொல்லலாம். அது எஸ்எஸ்டிகளைக் கொல்கிறது என்று ஜப்பானிலிருந்து ஒருவர் எழுதியது ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் வழியாக மதுரை வரைக்கும் வந்து சேர்ந்தது. எஸ்எஸ்டிகளுக்கான சிப் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை என்றது. மைக்ரோசாஃப்ட்டும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றது. அந்த வாரம் என்னிடம் இரண்டு செத்த எஸ்எஸ்டிகள் வந்தன. அதற்கு முந்தைய வாரமும் இரண்டு வந்தன.

இனி நாள் குறிப்பது. மாதாந்திர அப்டேட் அமெரிக்கக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளிவரும், 2003 முதல் அந்த வழக்கம். நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வரும். நீங்கள் புதன் காலை கடையைத் திறக்கும்போது அது இறங்கத் தயாராக நிற்கும். வாரநாள் பதிவு வேலைக்கு இதைவிட மோசமான நேரம் அமையாது. சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் இரண்டாம் செவ்வாயை வட்டமிடுங்கள், அதன் பக்கத்தில் முகூர்த்த நாட்கள் எவை என்றும் பாருங்கள். முகூர்த்தத்தன்று பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுத்தால் உங்கள் கடையிலும் கூட்டம் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கு முந்தைய திங்கட்கிழமையே மூன்று கணினிகளிலும் செட்டிங்ஸில் அப்டேட்டை இரண்டு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஹோம் பதிப்பிலும் இது முடியும், ஐந்து வாரம் வரை தள்ளலாம். ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் கடை நேரத்தைப் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இரண்டு வாரத்தில் பெரிய கோளாறு எதுவும் இருந்தால் செய்தியாகிவிடும், பெரும்பாலும் திருத்தமும் வந்துவிடும். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் நிற்காத நேரமாகப் பார்த்து, அதிகம் பயன்படாத கணினியில் மட்டும் அப்டேட்டை ஏற்றுங்கள். பிரிண்ட் வருகிறதா, ஸ்கேன் ஆகிறதா என்று பாருங்கள். சரியென்றால் அன்றே மற்ற இரண்டிலும். பெரிய நிறுவனங்கள் ஆயிரம் கணினிகளில் செய்வதும் இதே முறைதான்.

அதைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப் எதுவும் இருந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்கத் திறவு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் அச்சடித்துப் பணப்பெட்டியில் வையுங்கள், ஏனென்றால் 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் எழும்போதே அந்த எண்ணைக் கேட்டன. அடுத்தது, இன்னும் விண்டோஸ் 10இல் இருக்கிறீர்களா என்பது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டன, அதற்கும் தனியாகப் பதிய வேண்டும். மூன்றாவது உங்கள் தமிழ் எழுத்துருக்கள். பத்திர வேலைக்குப் பத்து இருபது வருடத்துப் பழைய எழுத்துருவும் கீபோர்டு நிரலும் வைத்திருப்பீர்கள், அவற்றின் சிடி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஃபார்மேட் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே ஃபான்ட்ஸ் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, கடைக்கு வெளியே, வீட்டில் வையுங்கள்.

சர்வீஸ் தம்பியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி முதல் கணினியின் மேல் வையுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது தேதி, எந்தக் கணினி, என்ன கோளாறு, எதை மாற்றினார் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு 500 ரூபாய் கொடுங்கள். முதல் முறை முறைப்பார். அதற்குள் பிரிண்டரின் முதுகை ஒரு படம் எடுத்து, மாடல் எண்ணோடு இங்கே போடுங்கள். எண்ணின் கடைசியில் என் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெரும்பாலும் அந்தத் துளை இருக்கும். இருந்தால் முகவரி கொடுப்பதை அந்த மாடலுக்கு ஏற்றபடி எழுதுகிறேன்.